டோசிங் பம்ப்: கரண்டு போய் வந்தால் என்ன செய்யும் என்று முதலில் பாருங்கள்

பாளையங்கோட்டையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 200 லிட்டர் கடல் தொட்டி. தோல் பவளம், காளான் பவளம், ஜோவாந்திட் (பூப்போல விரியும் ஒரு பவள உறவு), இரண்டு கோமாளி மீன். கற்களில் ஊதாப் பாசி நன்றாகப் படர்ந்துவிட்டது. கேஹெச் (தண்ணீரின் கார அளவு, டிகேஹெச் என்ற அலகில் சொல்வார்கள்) இறங்கிக்கொண்டே போவதால் சோடாக் கரைசலும் கால்சியம் கரைசலும் தினமும் கையால் ஊற்றுகிறார். வாரத்தில் மூன்று நாள் மதுரையில் வேலை. அதனால் கரைசலை அளந்து தானாக ஊற்றும் டோசிங் பம்ப் வாங்க நினைக்கிறார்; அதில் ஒரு கரைசலுக்கு ஒரு ஹெட். "நாலு ஹெட் உள்ள வைஃபை டோசிங் பம்ப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கிவிடலாமா அண்ணாச்சி?" என்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. ஒரே ஒரு ஹெட் உள்ள பம்ப் உங்களுக்குப் போதும் என்று நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் என் கதை. அப்போது என் தொட்டி 120 லிட்டர். நானும் நாலு ஹெட் பம்ப் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கி மாட்டினேன். சோடாக் கரைசல் ஒரு நாளைக்கு 12 மில்லி, நடு இரவு தாண்டி ஐந்து நிமிடத்தில் ஊற்ற வேண்டும் என்று வைத்திருந்தேன். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. சித்திரையில் குலசாமி கோயில் கொடைக்கு நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. ஹீட்டர் மேல், பம்ப் மேல் எல்லாம் வெள்ளைப் பொருக்கு. தோல் பவளம் சுருங்கிக் கட்டை விரல் அளவுக்கு வந்துவிட்டது. பாட்டிலைப் பார்த்தேன். 48 மில்லி குறைந்திருக்க வேண்டிய இடத்தில் 200 மில்லி குறைந்திருந்தது. வழக்கமாக 8 இருக்கும் கேஹெச், டெஸ்ட் கிட்டில் 12.5 காட்டியது.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. அந்தப் பம்ப்பின் கடிகாரத்துக்கு உள்ளே பேட்டரி கிடையாது. கரண்டு போய் வந்தால் மணி 12:00 என்று ஆகிவிடும். மணி பன்னிரண்டு ஆனதும் அந்தச் சவம் என்ன செய்யும்? ஐந்து நிமிடம் கழித்து 12 மில்லியை ஊற்றும். அந்த நான்கு நாளும் எங்கள் தெருவில் கரண்டு கண்ணாமூச்சி ஆடியிருக்கிறது. போய் வந்த ஒவ்வொரு முறையும் ஒரு டோஸ். பம்ப்பைக் குறை சொல்ல முடியாது, சொன்னதைத்தான் செய்தது. வாங்கும்போது நான் பார்த்ததெல்லாம் எத்தனை ஹெட், ஆப் எப்படி இருக்கிறது என்பதைத்தான்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் சொல்வது, பம்ப் கெட்டுப்போனால் தொட்டிக்கு என்ன ஆகும் என்று பார்த்து வாங்குங்கள் என்றுதான். நின்றுபோகும் பம்ப்பால் பெரிய மோசம் இல்லை. நான்கு நாள் சோடா போகாவிட்டால் கேஹெச் ஒன்றோ இரண்டோ இறங்கும், பவளம் தாங்கிக்கொள்ளும். நிற்காமல் ஓடும் பம்ப்தான் ஒரே ராத்திரியில் தொட்டியைக் காலி செய்யும்.

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். அது ஒரு நாளைக்கு எவ்வளவு கேஹெச் சாப்பிடுகிறது என்று உங்கள் கேள்வியில் இல்லை. அது தெரியாமல் பம்ப் வாங்குவது, பந்திக்கு எத்தனை பேர் என்று கேட்காமல் அரிசி வாங்குவது மாதிரி. மூன்று நாள் எதையும் ஊற்றாதீர்கள். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு கேஹெச் பாருங்கள், நான்காம் நாள் அதே எட்டு மணிக்குப் பாருங்கள். வித்தியாசத்தை மூன்றால் வகுத்தால் ஒரு நாள் செலவு வந்துவிடும். அந்த மூன்று நாளும் ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக ஆர்ஓ தண்ணீர் மட்டுமே ஊற்றுங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் கணக்கே கெட்டுவிடும். நம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் தாராளம்; அதுவே கேஹெச்சை ஏற்றிவிட்டுத் தொட்டி எதையும் சாப்பிடாத மாதிரிக் காட்டும்.

உங்களுடையது மாதிரி மென்பவளத் தொட்டியில் பெரும்பாலும் 0.2, 0.3 டிகேஹெச்தான் ஒரு நாளைக்கு இறங்கும். அதுவும் பவளத்தால் இல்லை, பெரும்பகுதி அந்த ஊதாப் பாசியால். நீங்கள் வீடியோவில் பார்க்கும் நாலு ஹெட், ஆறு ஹெட் ஏற்பாடெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள், சுண்ணாம்பால் கூடு கட்டும் கல் பவளம் நெருக்கி வைத்த தொட்டிகளுக்கு. அவை ஒரு நாளைக்கு 2 டிகேஹெச் கூடத் தின்னும். நமக்கு அந்தத் தேவை வரவே கூடாது. 1972ஆம் வருட வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் எல்லாக் கல் பவளங்களும், கூடவே கடல் விசிறி, கரும்பவளம், தீப்பவளம், ஆர்கன் பைப் பவளம் எல்லாம் 2001இல் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை. உயிரோடு இருந்தாலும் காய்ந்த கல்லாக இருந்தாலும் வைத்திருக்கக் கூடாது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதற்கு முன் கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் பவளப்பாறையை வண்டி வண்டியாக வெட்டி எடுத்ததில் அங்கே இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. அதனால் "தூத்துக்குடி லைவ் ராக், நல்ல சாமான்" என்று கடலில் இருந்து எடுத்த பவளக் கல்லை விற்க யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். செராமிக் கல்லே போதும், ஊதாப் பாசி அதிலும் படரும்.

ஆக, உங்கள் தொட்டி ஒரு நாளைக்கு 0.3 டிகேஹெச் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, நீங்கள் இப்போது செய்வது: சோடா ஒரு பாட்டில், கால்சியம் குளோரைடு ஒரு பாட்டில். ஆப்பசோடாவை அப்படியே கரைத்தால் லிட்டருக்கு 90 கிராம் கரைவதற்கே கஷ்டப்படும். இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வெளியேறி, 150 கிராம் போட்டது ஏறக்குறைய 95 கிராம் ஆகிவிடும். தராசில் அந்த எடை வந்தால் வறுபட்டுவிட்டது என்று அர்த்தம். அதை ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்தால், 200 லிட்டர் தொட்டிக்கு 0.3 டிகேஹெச் ஏற்ற 12 மில்லி போதும். சலவை சோடா பாக்கெட்டைப் பிரித்துவிடாதீர்கள், அதில் சோப்புச் சாமான் கலந்திருக்கலாம். இந்த வழியில் கால்சியம் தனி பாட்டில், தனி ஹெட். போதாததற்கு, இரண்டும் ஊற்ற ஊற்றத் தொட்டியில் மிஞ்சுவது கறியுப்பு. மாதக்கணக்கில் உப்பளவு ஏறும்.

இரண்டாவது வழி சுண்ணாம்புத் தண்ணீர். நான் உங்களுக்குச் சொல்வது இதுதான். கால்சியம் ஹைட்ராக்சைடு, பாட்டி வெற்றிலைக்குத் தடவிய அதே சுண்ணாம்பு. பவளமும் பாசியும் எந்த விகிதத்தில் கால்சியத்தையும் காரத்தையும் எடுக்கிறதோ, அதே விகிதத்தில் இது இரண்டையும் கொடுக்கும். ஒரே பாட்டில், ஒரே ஹெட். மிச்ச உப்பும் கிடையாது. வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பில் வேறு என்ன கலந்திருக்கும் என்று தெரியாது என்பதால் உணவுத் தரத்தில் உள்ளதை வாங்குங்கள்.

செய்முறை எளிது. ஐந்து லிட்டர் கேனில் ஆர்ஓ தண்ணீர், அதில் 10 கிராம் சுண்ணாம்பு. லிட்டருக்கு ஒன்றரை கிராம் சொச்சம்தான் கரையும், மீதி அடியில் தங்கும். குலுக்கி வைத்தால் முதலில் மோர் மாதிரி இருக்கும். ராத்திரி முழுக்க அசையாமல் விட்டால் காலையில் மேலே கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கும். பம்ப்புக்குப் போக வேண்டியது அந்தத் தெளிவு மட்டும். வண்டல் போனால் டியூப் அடைக்கும். உறிஞ்சும் டியூபின் நுனியைக் கேனின் அடியில் இருந்து நாலு விரல் உயரத்தில் கட்டி வையுங்கள். மூடியை டியூப் நுழையும் அளவுக்கு மட்டும் துளைத்து இறுக்கி மூடுங்கள். இல்லாவிட்டால் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு மேலே பாலாடை மாதிரி ஒரு படலம் கட்டும். அந்த ஆடை வீணாய்ப் போன சுண்ணாம்பு. கையாளும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிஹெச் 12க்கு மேல்.

உங்கள் 0.3 டிகேஹெச்சுக்கு இந்தத் தெளிந்த தண்ணீர் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல், 550 மில்லி வாக்கில் வேண்டும். ஆவியாகும் தண்ணீரை விட இது அதிகமாகிவிடக் கூடாது, அது ஒன்றுதான் இந்த வழிக்கு எல்லை. நம் ஊரில் அந்தக் கவலை எதற்கு? அக்னி நட்சத்திரத்தில் தொட்டி மேல் ஃபேன் ஓடினால் லிட்டர் கணக்கில் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும், அப்போதும் இந்த அரை லிட்டர் போய்விடும். மீதியை, மட்டம் குறைந்ததும் தானாக நிரப்பும் ஆட்டோ டாப் அப் இருந்தால் அது ஆர்ஓ தண்ணீரால் நிரப்பட்டும். சிலர் டாப் அப் தொட்டியிலேயே சுண்ணாம்பைக் கரைத்துவிடுவார்கள். செய்யாதீர்கள். மிதவை ஒருநாள் சிக்கிக்கொண்டால் மொத்தச் சுண்ணாம்பும் ஒரே மூச்சில் உள்ளே போகும், பிஹெச் எகிறும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்க ஒரு ஆள் வேண்டும். டோசிங் பம்ப்புக்கு உங்கள் வீட்டில் உள்ள வேலை அதுதான்.

இனி பம்ப். நமக்கு வேண்டியது பெரிஸ்டால்டிக் வகை. மூடியைக் கழற்றிப் பார்த்தால் வட்டமாக வளைந்த ஒரு சிலிக்கான் டியூப், அதை நசுக்கிக்கொண்டு சுற்றும் இரண்டு மூன்று உருளை, அவ்வளவுதான். உருளை ஒரு சுற்று வந்தால் இவ்வளவு மில்லி என்று கணக்கு. எப்போதும் ஒரு உருளையாவது டியூபை நசுக்கிக்கொண்டே நிற்பதால், பம்ப் நின்றிருக்கும்போது கரைசல் தானாக வழியாது. டியூப் தேய்ந்தால் வழியும், அதைப் பிறகு சொல்கிறேன். ஆர்ஓ பிளான்ட் சாமான் விற்கும் கடையில் மணிக்கு 6 லிட்டர் டோசிங் பம்ப் என்று ஒன்று காட்டுவார்கள். அது டயாஃப்ரம் வகை, நிமிடத்துக்கு 100 மில்லி தள்ளுவது. குடிநீர் ஆலைக்கு நல்லது, வீட்டுத் தொட்டிக்கு ஆகாது.

பெரிஸ்டால்டிக்கில் மோட்டார் இரண்டு விதம். சாதாரண பிரஷ் மோட்டார் இத்தனை விநாடி ஓடு என்று நேரத்தை வைத்து அளக்கும். வோல்டேஜ், சூடு, டியூபின் வயசு எல்லாம் வேகத்தை மாற்றும், அளவும் மாறும். ஸ்டெப்பர் மோட்டார் இத்தனை சுற்று என்று எண்ணும், அளவு பிசகுவது குறைவு, சத்தமும் குறைவு, விலை கூட. ஜெர்மனியின் ஜிஹெச்எல், அமெரிக்காவின் நெப்டியூன் தருவது ஸ்டெப்பர். சீனாவின் காமோயர் இரண்டு விதமும் செய்கிறது. கடையில் "ஸ்டெப்பரா, பிரஷ்ஷா" என்று கேட்டு வாங்குங்கள், பெட்டியின் அழகை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஆனால் ஸ்டெப்பர் இருந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரஷ் மோட்டார் பம்ப்புகள் ஒரு மில்லி, இரண்டு மில்லி கொடுக்கும்போதுதான் தடுமாறும். 20 மில்லி கொடுக்கும்போது அந்தப் பிசகு பெரிதாகத் தெரியாது. 12 மில்லி சோடாவை 12 தடவையாகப் பிரித்தால் ஒரு தடவைக்கு ஒரு மில்லி, அங்கே விலை உயர்ந்த பம்ப் வேண்டும். 550 மில்லி சுண்ணாம்புத் தண்ணீரை 24 தடவையாகப் பிரித்தால் ஒரு தடவைக்கு 23 மில்லி, அதைச் சாதாரணப் பம்ப்பே ஒழுங்காகக் கொடுத்துவிடும். சோடா வழிக்கே போகிறீர்கள் என்றாலும் கரைசலைப் பாதியாக நீர்க்க வைத்து அளவை இரட்டிப்பாக்குங்கள். தண்ணீர் சும்மா கிடைக்கிறது, ஸ்டெப்பர் சும்மா கிடைக்காது.

அதைவிட நான் அழுத்திக் கேட்கச் சொல்வது மூன்று கேள்வி. கரண்டு போய் வந்தால் மணியும் அளவும் நினைவில் இருக்குமா? வைஃபை இல்லாவிட்டாலும் அட்டவணை பம்ப்புக்கு உள்ளேயே ஓடுமா, அல்லது எங்கோ இருக்கும் சர்வர் சொன்னால்தான் ஓடுமா? மாற்று டியூபோ, ஹெட்டோ இங்கே கிடைக்குமா? மூன்றாவதைப் பலர் விட்டுவிடுவார்கள். டியூப் சுமார் ஒரு வருடத்தில் தளர்ந்துவிடும், மேசைக்கு அடியில் புழுக்கத்தில் இருந்தால் அதற்கு முன்பே. வாங்கும்போதே இரண்டு டியூப் சேர்த்து வாங்கி வையுங்கள். வைஃபை இருப்பது நல்லதுதான், மதுரையில் இருந்து பார்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: 23 மில்லி கொடுத்தேன் என்று ஆப் காட்டினால், உருளை சுற்றியது என்று மட்டும்தான் அர்த்தம். கேன் காலியாக இருந்தாலும், நுனி அடைத்திருந்தாலும் அது அதையேதான் காட்டும்.

நுனி அடைப்பது அடிக்கடி நடக்கும். சொட்டு விழும் இடத்தில் வெள்ளையாகக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஊசித் துளை ஆகிவிடும். நுனியைத் தண்ணீருக்குள் விடாமல் இரண்டு விரல் மேலே, கண்ணுக்குத் தெரியும்படி மாட்டுங்கள். தண்ணீருக்குள் இருந்தால் அடைப்பும் தெரியாது, தளர்ந்த டியூப் வழியாகத் தொட்டித் தண்ணீர் கேனுக்குத் திரும்பவும் வழி உண்டு. கேனைச் சொட்டு விழும் நுனியை விட உயரத்தில் வைக்காதீர்கள். மேலே இருந்து டியூப் தளர்ந்தால் கேன் முழுக்கத் தானாக இறங்கிவிடும். சொட்டு விழும் இடம் சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டித் தொட்டியில்) ஓட்டம் அதிகமுள்ள இடமாக இருக்கட்டும். சுண்ணாம்பு பிஹெச்சை ஏற்றும், தொட்டியில் பிஹெச் ராத்திரி இறங்கும். அதனால் பெரும்பகுதியை விளக்கு அணைந்த பிறகு கொடுப்பது நல்லது. சோடா, கால்சியம் என்று இரண்டு ஹெட் வைப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரமாவது விட வேண்டும். ஒன்றாக விழுந்தால் அங்கேயே வெள்ளையாகத் திரிந்துவிடும்.

மதுரைக்குப் போகும்போது கேனில் நான்கு நாளைக்கு வேண்டியதை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள். எவ்வளவு நல்ல பம்ப்பாக இருந்தாலும் இந்தப் பழக்கத்தை விடாதீர்கள். மொத்தமும் ஒரே நாளில் கொட்டினாலும் உள்ளே போவது இரண்டு லிட்டர் சொச்சம், கேஹெச் ஒன்றேகால் ஏறும். பிஹெச் ஏறித் தொட்டி கொஞ்சம் திணறும், ஆனால் நீங்கள் வந்து பார்க்கும்போது இருக்கும். ஐந்து லிட்டரும் கொட்டினால் அப்படிச் சொல்ல மாட்டேன்.

மக்னீசியத்துக்கு ஹெட் வேண்டாம், மாதம் ஒருமுறை டெஸ்ட் பார்த்துக் குறைந்திருந்தால் கையால் ஊற்றுங்கள். நுண்சத்துகளுக்கும் வேண்டாம். உவரிக் கடலில் இருந்து கேனில் தண்ணீர் கொண்டுவந்து மாற்றும் ஆளாக இருந்தால் அதிலேயே வந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் கரைத் தண்ணீரின் உப்பளவைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

பம்ப் வந்ததும் தொட்டியில் மாட்டாதீர்கள். ஒரு வாரம் பக்கெட்டில் ஓட விடுங்கள், சுண்ணாம்பு இல்லாத வெறும் தண்ணீரில். நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் அதே நீள டியூபையும் அதே உயரத்தையும் வைத்து, 100 மில்லி அளவு ஜாடியில் அளவு சரிசெய்யுங்கள். நகை எடை போடும் சின்னத் தராசு இருந்தால் இன்னும் நல்லது, தண்ணீர் ஒரு மில்லி ஒரு கிராம். அப்புறம் தினமும் நாலைந்து தடவை சுவிட்சை அணைத்து அணைத்துப் போடுங்கள். ராத்திரி ஒருமுறை ரூட்டரையும் அணைத்து வையுங்கள். ஏழாம் நாள் பக்கெட்டில் 3,850 மில்லி இருக்க வேண்டும். நூறு, இருநூறு முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. நாலரை லிட்டர் இருந்தால் பில்லோடு கடைக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். மூன்று நாள் கேஹெச் பார்த்த கணக்கு வந்ததும் எழுதுங்கள் தம்பி, 0.3 என்பது நான் வைத்துக்கொண்ட எண்தான், உங்கள் எண்ணுக்கு 550 மில்லியை மாற்றிச் சொல்கிறேன்.